மைதானத்தைப் பார்க்காமல் நின்ற அண்ணன்

என் போனில் நாற்பது வினாடி ஓடும் ஒரு வீடியோ இருக்கிறது. கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம், அதன் கடைசிப் பெனால்டி. நானே எடுத்தது, அதனால் லட்சணமும் அப்படித்தான். படம் ஆடுகிறது, முன்னால் இருப்பவரின் தொப்பி பாதியை மறைக்கிறது, பந்து கடுகளவுதான் தெரிகிறது. அதில் இருக்கும் அத்தனை பேரும் மைதானத்தைப் பார்க்கிறார்கள். கீழே படிகள் முடிகிற இடத்தில், மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒருவர் மட்டும் மைதானத்துக்கு முதுகைக் கொடுத்து எங்களைப் பார்த்து நிற்கிறார். அவர் என் அண்ணன்.

எங்கள் ஊர் கேரளத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுவோம், பந்து பார்க்க உட்கார்ந்தால் எல்லோருக்கும் மலையாளம் வந்துவிடும். அண்ணனுக்கு அர்ஜென்டினா என்றால் உயிர். சிறுவயதில் ஒரு உலகக் கோப்பை எங்கள் சர்ச்சின் கன்வென்ஷன் என்ற நற்செய்திக் கூட்ட நாட்களில் வந்து மாட்டிக்கொண்டது. அண்ணன் பாடகர் குழுவில் பாடுகிறவர். பாடகர்கள் பீடத்துக்குப் பக்கத்தில் சபையைப் பார்த்து உட்கார வேண்டும், கூட்டம் முடியாமல் நகர முடியாது. எனக்கு அந்தக் கட்டு இல்லை. சர்ச்சை ஒட்டிய வீட்டில் டிவி ஓடும். நான் அங்கே பார்த்துவிட்டு ஓடி வந்து, பின்வாசல் பக்கம் நிற்பேன். அண்ணன் பாட்டுப் புத்தகத்துக்கு மேலாக என்னைப் பார்த்து வலது காது மடலைப் பிடிப்பார். எத்தனை என்று அர்த்தம். வலது கையில் நம்ம ஆட்களின் கோல், இடது கையில் எதிராளியின் கோல் என்று விரல்களை உயர்த்துவேன். அவர் காதை விட்டுவிட்டுக் கட்டைக்குரலில் ஆமென் சொல்வார்.

ஒரு நாள் ஐயர், அதாவது எங்கள் போதகர், பிரசங்க மேடையிலிருந்து என்னைப் பார்த்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் அப்பாவிடம் வந்து, "உம்ம எளைய பிள்ளை நல்ல பயலாக்கும். நான் மூணு பாயின்டு சொன்னேன், அவன் வெரலை விட்டு எண்ணிக் கேக்கான்" என்றார். வலது கையில் இரண்டும் இடது கையில் ஒன்றும் பிடித்திருந்தேன், கணக்கு சரியாகத்தான் இருந்தது. அப்பா பெருமை தாங்காமல் மறுநாளிலிருந்து என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார். அரையிறுதி முழுவதும் அண்ணன் காதைப் பிடித்துக்கொண்டே இருந்தார், நான் எதுவும் தெரியாமல் திருதிருவென்று விழித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் இருவரும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு அண்ணன் கத்தாருக்குப் போய்ப் பதினெட்டு வருஷம் ஏசி ரிப்பேர் பார்த்தார். உலகக் கோப்பை அந்த ஊருக்கே வருகிறது என்றபோது அவர் போனில் பேசிய குரல் ஒரு சின்னப் பையனுடையது. இறுதி ஆட்டத்துக்கு நாலு டிக்கெட்டுக்கு முயன்று, குலுக்கலில் மூன்றுதான் விழுந்தது. அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. அண்ணியையும் மகளையும் என்னையும் வரவழைத்தார். அன்றைக்கு மதியமே கிளம்பியவர், "எனக்க டிக்கெட்டு வேற பக்கத்திலயாக்கும். நீங்க மூணு பேரும் சேந்து இரியுங்க" என்றார். நான் நம்பினேன். நம்பாமல் இருந்திருந்தால் என் டிக்கெட்டைக் கொடுத்திருப்பேனா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். கொடுத்திருப்பேன் என்றுதான் சொல்ல ஆசை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மகள்தான் கண்டுபிடித்தாள். "சித்தப்பா, அங்க நிக்கியது அப்பாவாக்கும்." கூட்டத்தைக் கவனிக்கும் காவல் வேலைக்குத் தற்காலிகமாக ஆள் எடுத்திருந்தார்கள். அண்ணன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அதில் சேர்ந்திருக்கிறார். உள்ளே வர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. எங்கள் பகுதிக்கே வர யாரிடம் எப்படிக் கெஞ்சினாரோ தெரியாது. அந்த வேலைக்கு ஒரே சட்டம், ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. மகள் கூப்பிட வாயெடுத்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்து, "மிண்டாத இரி மோளே, சத்தம் போடாத. அப்பாவை வழக்கு பறைவாங்க, ஏசுவாங்க" என்றாள். அதன்பிறகு அண்ணி மைதானத்தைப் பார்க்கவே இல்லை.

ஊர் ஊராக வந்த சனங்கள் எங்கள் பகுதியில் கலந்து இருந்தார்கள். எந்தக் கோல் விழுந்தாலும் பாதிப் பேர் துள்ளுவார்கள், பாதிப் பேர் தலையில் கை வைப்பார்கள். முதல் இரைச்சல் அடங்கியதும் அண்ணன் என்னைப் பார்த்து வலது காது மடலைப் பிடித்தார். வலது கையில் ஒரு விரலை உயர்த்தினேன். அவர் முகம் மாறாமல் காதை விட்டார். இரண்டுக்குப் பூஜ்யம், இரண்டுக்கு இரண்டு, கடைசியில் மூன்றுக்கு மூன்று. ஒவ்வொன்றையும் நான் சொல்லித்தான் அவர் அறிந்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் என்ன, தலையையா வாங்கிவிடுவார்கள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. அண்ணன் திரும்பவில்லை.

பெனால்டிக்கு வந்ததும் நான் போனை எடுத்தேன். படம் ஆடக் கூடாதென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கடைசிப் பந்து வலைக்குள் போனது, பெனால்டியில் நாலுக்கு இரண்டு என்று அர்ஜென்டினா ஜெயித்தது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார், நானும் தொண்டை கிழியக் கத்தினேன். கீழே பார்த்தபோது கூட்டம் இறங்கி வழியை அடைத்துவிட்டது, அண்ணனைக் காணவில்லை. கூட்டத்தை ரயிலடிக்கு அனுப்பும் வேலை அவருக்கு விடியும்வரை இருந்தது. மறுநாள் எங்களுக்கு விமானம். விமான நிலையத்திலிருந்து போன் செய்தேன்.

"நல்லா கண்டேன் மக்கா" என்றார்.

"என்னத்த கண்டீங்க? முதுகில கண்ணு உண்டா?"

அவர் சிரித்தார். "அடுத்த லீவுக்கு வாறேன். வந்து நாம முழுசா இருந்து காணுவோம்."

அந்த லீவுக்கு அவர் பெட்டியில்தான் வந்தார். ஒரு கட்டடத்து மொட்டைமாடியில் ஏசி மெஷினைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுவலி. சர்ச்சில் பாடகர் குழு சபையைப் பார்த்து நின்று பாடியது. நான் முன்வரிசையில் இருந்தேன்.

நாற்பதாம் நாள் கழிந்து, அப்பா இருக்கிற படம் எல்லாம் வேண்டும் என்று மகள் என் போனை வாங்கிப் பார்த்தாள். அந்த வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தவள், "சித்தப்பா, அப்பா எதுக்கு காதைப் பிடிச்சிட்டு நிக்காரு?" என்று கேட்டாள்.

அதுவரை நான் பந்தை மட்டுமே பார்த்திருந்தேன். அதில் அண்ணன் காதைப் பிடித்தபடி என்னையே பார்க்கிறார். பிறகு படம் கூரைக்கும் தலைகளுக்கும் தாவுகிறது, கட்டிப்பிடித்தவரின் தோள் தெரிகிறது. மறுபடி கீழே வரும்போதும் கை காதில்தான் இருக்கிறது. அடுத்த நிமிடமே யாராவது சொல்லியிருப்பார்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவர் கேட்டது என்னிடம்.

இப்போதும் சில நாள் அந்த வீடியோவைப் போடுகிறேன். கைகள் காலியாக இருக்க வேண்டும் என்பதால் போனை மேசைமேல் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைக்கிறேன். பந்து வலைக்குள் போனதும் வலது கையில் நாலு விரலையும் இடது கையில் இரண்டு விரலையும் உயர்த்திப் பிடிக்கிறேன். நாற்பது வினாடி முடிந்து படம் நின்றுவிடுகிறது. அண்ணன் காதிலிருந்து கையை எடுப்பதில்லை.