ஐஸ் மிஷினுக்கு மேலே ஒரு குரல்

ஐஸ் பாளம் மிஷினுக்குள் இறங்கும்போது முதலில் "கடக்" என்று ஒரு சத்தம், அப்புறம் காதை அறுக்கிற மாதிரி "கரகரகர", அதோடு முழங்காலுக்குக் கீழே சில்லென்று தெறிக்கிற பனித்தூள்: ஜெகதாப்பட்டினத்தில் என் சின்ன வயதுக் காலைகள் இப்படித்தான் தொடங்கும். எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே ஐஸ் கம்பெனி. விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாளென்றால் அந்தத் தெருவில் மனுசன் மனுசனோடு பேச முடியாது, கையைக் காலை ஆட்டித்தான் பேச வேண்டும். அந்த மிஷினை ஓட்டியவர் என் பெரியப்பா. இருபது வருஷம் அதன் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. "இந்த வீட்டுல ரகசியம்னு ஒன்னு பேசி எம்புட்டு நாளாச்சு" என்று பெரியம்மா அலுத்துக்கொள்வார். அதையும் கத்தித்தான் சொல்வார்.

பெரியப்பாவின் ஒரே மகள் வளர்மதி, எனக்கு வளரக்கா. இன்று நீங்கள் டிவியிலும் போனிலும் பார்க்கிற, வெளிநாட்டு மேடைகளில் எல்லாம் பாடுகிற அந்தச் "சோல்" பாடகி வளர்மதிதான். அப்போது அவளுக்குப் பதினெட்டு, எனக்குப் பதினொன்று. தினமும் காலையில் அப்பாவுக்குத் தூக்குவாளியில் டீ கொண்டுபோவாள், நானும் ஒட்டிக்கொண்டு போவேன். அங்கே கிடக்கும் சாக்குக் குவியல் மேல் உட்கார்ந்து ஏதாவது சினிமாப் பாட்டை எடுத்துவிடுவாள். பெரியப்பா மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேக்கலத்தா!" என்பார். மகளை "ஆத்தா" என்று கூப்பிடுவதுதான் அவர் வழக்கம். அவள் இன்னும் உரக்கப் பாடுவாள். "கேக்கலத்தா, இன்னும் கொஞ்சம்!" என்பார் மறுபடி. அவள் எழுந்து நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடுவாள். அப்போதுதான் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், தலையும் ஆடும், தாளத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல்.

இப்படியே வளர்ந்த குரல் எப்படி இருக்கும்? கரகரப்பும் கனமுமாக, கேட்கிறவர் நெஞ்சைப் பிடித்து உலுக்குகிற குரல். எங்கள் ஊரில் அதை அப்படி யாரும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். "பொட்டப்புள்ள கொரலா இது, லாரி ஹாரனு" என்றுதான் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியில் "கொஞ்சம் மென்மையாப் பாடும்மா" என்று சொல்லியே ஒவ்வொரு வருஷமும் அவளை வெறுங்கையோடு அனுப்பினார்கள். எனக்கு அப்போதே ஆத்திரம் ஆத்திரமாக வரும், ஆனால் பதினொரு வயதுக்காரியின் ஆத்திரத்தை யார் சட்டை செய்தார்கள்?

அந்த வருஷம் ஒரு டிவி பாட்டுப் போட்டிக்குப் புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் "செலக்சன்" வைத்தார்கள். பெரியப்பா, அக்கா, நான் மூன்று பேரும் அறந்தாங்கி போய் பஸ் மாறிப் போனோம். அக்காவின் முறை வரும்போது கரண்டு போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டரைப் போட்டார்கள், அது தடதடவென்று மண்டபத்தையே ஆட்டியது. மற்ற பிள்ளைகள் எல்லாம் முகத்தைச் சுளித்தார்கள், எங்கள் அக்காவுக்கோ சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி கண் பளிச்சென்றது. போதாததற்குப் பெரியப்பா கடைசி வரிசையிலிருந்து "கேக்கலத்தா!" என்று குரல் கொடுக்க, மண்டபமே சிரித்தது. அவள் பாடினாள், அன்றே சென்னைக்குத் தேர்வானாள்.

படகுகளுக்கு ஐஸ் உடைக்கிற வேலை நெரிசல் என்பதால் சென்னைக்குப் பெரியம்மாதான் துணைக்குப் போனார். முதல் சுற்று டிவியில் வந்த அன்று தெருவே எங்கள் வீட்டில் கூடியது. கண்ணாடிக் கதவும் பஞ்சு வைத்த சுவரும் குளிர் மிஷினுமாக, ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி ஒரு ஹால். அக்கா வாயைத் திறந்தாள். ஐயோ, அந்தக் குரலை என்னவென்று சொல்வேன்! தொண்டையில் முள் குத்தியவள் தண்ணீர் கேட்கிற மாதிரி ஒரு கீச்சுக் குரல். பாதிப் பாட்டில் நின்றேவிட்டாள். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அடுத்த வாரம் ஒரே ஒரு வாய்ப்பு தருகிறோம், அதிலும் இப்படித்தான் என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார்கள்.

ஊருக்கு வந்தவளுக்கு ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஒருத்தி மிளகாய் சுற்றிப் போட்டாள், ஒருத்தி பனங்கற்கண்டுப் பால் கொண்டுவந்தாள். "ஐஸ் கம்பெனியிலேயே வளந்த புள்ளைக்கு ஏசி ஒத்துக்கலையாமுல்ல" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அதற்குள் மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிட்டது. விசைப்படகெல்லாம் கரையில், மிஷின் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. அக்கா பழைய சாக்குக் குவியல் மேல் உட்கார்ந்து பாடிப் பார்த்தாள், அங்கேயும் குரல் எழும்பவில்லை. "சத்தமே இல்லாத எடத்துல பாடுனா, என் கொரலை நானே ஒளிஞ்சு நின்னு வேவு பாக்குற மாதிரி இருக்குடி. இந்தத் தடவையும் போச்சுன்னா இனிமே வாயைத் திறக்கவே மாட்டேன்" என்று அழுதாள். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவள், சொன்னால் செய்துவிடுவாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மிஷின் சத்தத்தைப் போனில் பதிந்து கொடுத்தால், மேடை ஏறுவதற்கு முன்னால் காதில் மாட்டிக் கேட்டுக்கொள்ளலாமே! பெரியப்பாவிடம் மூன்று தடவை கத்திச் சொன்னேன். புரிந்ததும் நேரே முதலாளியிடம் போனார். "படகே போகல, தடைக்காலத்துல யாருக்குப்பா ஐஸ் ஒடைக்கப் போறே?" என்றார் முதலாளி. "எம் மகளுக்குங்க" என்றார் பெரியப்பா. தடை இல்லாத நாட்டுப்படகுக்காரர்களுக்கு வைத்திருந்ததில் நாலு பாளம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் அந்த மனுசர்.

மறுநாள் காலை வேலையில்லாத மீன்பிடிக்காரர்கள் அத்தனை பேரும் ஐஸ் கம்பெனியில் ஆஜர். "ஒருத்தரும் மூச்சு விடப்படாது!" என்று நான்தான் அதட்டினேன். அப்பாவின் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிஷின் பக்கத்தில் நின்றேன். ஒரு பாளம், இரண்டு பாளம், மூன்று பாளம், எல்லாம் அருமையாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. நாலாவது பாளம் இறங்கும்போது எதிரே நின்ற வளரக்கா வழக்கம்போல ஏதோ முணுமுணுத்திருக்கிறாள். அவள் உதடு அசைவதைப் பார்த்த பெரியப்பா, இருபது வருஷப் பழக்கம் விடுமா, "கேக்கலத்தா! இன்னும் கொஞ்சம்!" என்று போனுக்குப் பக்கத்திலேயே ஒரு கத்துக் கத்தினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐஸும் தீர்ந்துபோயிற்று, பதிவும் கெட்டுப்போயிற்று. "வெளங்கிரும்!" என்று போனை அம்மா கையில் திணித்துவிட்டு ஓடினேன். ஊர்க்காரர்கள் உடைத்த ஐஸை வீணாக்காமல் அள்ளிக்கொண்டு போய் நன்னாரி சர்பத் போட்டுக் குடித்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது, கோபத்தோடேயே குடித்தேன். வேறு வழியில்லாமல் அந்தக் கெட்டுப்போன பதிவுதான் அக்காவின் போனுக்கு மாறி அவளோடு சென்னைக்குப் போனது.

அடுத்த வாரம் டிவியில் அவள் மேடைக்குப் பக்கத்தில் காதில் வயரோடு கண்ணை மூடி நின்றதைக் காட்டினார்கள். முகம் இறுகிக் கிடந்தது. திடீரென்று அவள் சிரித்தாள். வயரைக் கழற்றினாள், மேடைக்கு வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள் பாருங்கள் ஒரு எடுப்பு! ஒரு நடுவர் எழுந்தே நின்றுவிட்டார். "இது தொண்டையில இருந்து வரலைம்மா, உயிர்ல இருந்து வருது. இதைத்தான் சோல்னு சொல்றாங்க" என்றார். டிவிப் பெட்டிமேல் மூக்கு உரசும்படி உட்கார்ந்திருந்த பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் சத்தமாப் பாடிருக்கலாம்" என்றார்.

அன்று போனில் நான் அவளிடம் பெருமையாகக் கேட்டேன், மிஷின் சத்தம் எப்படி வேலை செய்தது என்று. "மிஷின் கெடக்குதுடி. கடைசியில அப்பா கத்துனாருல்ல, அதுக்கப்புறம் அந்த ஹால்ல வேற யாரு இருந்தாங்கன்னே எனக்குத் தெரியல" என்றாள். நான் கெட்டுப்போனது என்று அழுத இடம்தான் அது.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். கடலுக்குப் போக முடியாமல் வலை பின்னிக்கொண்டிருந்த அத்தனை பேரும் வேலையற்றுப்போய் அவளுக்கு ஓட்டுப் போட்டார்கள், கோட்டைப்பட்டினம்வரை போய் ஆள் சேர்த்தார்கள். அவள் ஜெயித்து வந்தபோது ஐஸ் வண்டியில்தான் ஊர்வலம் வந்தாள்.

இப்போது நான் கல்யாணமாகி குளத்தூர்ப் பக்கம் இருக்கிறேன், இங்கே கடலுமில்லை ஐஸுமில்லை. அந்தக் கம்பெனி கைமாறிவிட்டது, பழைய மிஷினைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். பதிவு இருந்த போன்களும் எப்போதோ போய்விட்டன. வளரக்கா அப்பாவுக்கு நல்ல காது மிஷினாக வாங்கிக் கொடுத்துவிட்டாள், அவருக்கு இப்போது எல்லாம் கேட்கிறது. "இந்தப் பல்லிக்கு என்ன இம்புட்டு வாயி?" என்கிறார். அக்கா வீட்டில் பாடிப் பழகினால், "மெல்லப் பாடுத்தா, காது கிழியுது" என்கிறார். அந்தக் "கேக்கலத்தா"வும் மிஷினோடேயே போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் புதுக்கோட்டையில் அவள் கச்சேரி. சொந்த ஜனம், தெரிந்த முகங்கள், ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். கூட்டம் மூச்சுக் காட்டாமல் காத்திருந்தது. முதல் வரியை எடுத்தாள். குரல் மெலிந்து வந்தது. அந்த மெலிவு எனக்குத் தெரியும், அன்றைக்கு முதல் சுற்றில் டிவியில் கேட்டதேதான். பக்கத்தில் இருந்த பெரியம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

முன்வரிசையில் பெரியப்பா நிதானமாக இரண்டு காதிலிருந்தும் மிஷினைக் கழற்றினார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், எழுந்து நின்று கையை வாயருகே குவித்தார்.

"கேக்கலத்தா!"

மேடையில் வளரக்கா சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் பாடியது அறந்தாங்கி வரைக்கும் கேட்டிருக்கும். பெரியப்பா அந்தக் காது மிஷினைக் கடைசிப் பாட்டுவரை திரும்ப மாட்டவே இல்லை, பாட்டுக்குப் பாட்டு எழுந்து அதையே கத்திக்கொண்டிருந்தார்.