சாளக்கிராமமும் பால்மாவும்

எங்கள் வெள்ளவத்தை பிளாட்டின் சாமி அலுமாரியில் ஒரு சாளக்கிராமம் இருக்கிறது. நேபாள யாத்திரையில் என் கணவர் வாங்கி வந்த கறுப்புக் கல். அது வீட்டில் இருந்தால் ஒருநாளும் அபிஷேகம் தவறக்கூடாது என்று தினமும் பாலில் குளிக்க வார்ப்பார். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கு அது அமோனைற்; கணவாய் மீனின் தூரத்துச் சொந்தம், சுருள் ஓட்டோடு கடலில் திரிந்து கல்லாகிப்போன பிராணி. "செத்த கணவாய்க்கு என்ன குளிப்பு?" என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

போன மாதம் அவருக்கு பைபாஸ் ஒப்பரேஷன். முதல்நாள் பின்னேரம் வார்ட் கட்டிலில் இருந்துகொண்டு கேட்டார்.

"இஞ்சரும், அந்தக் கல்லுக்குள்ள இருக்கிற சீவன் பெரிய அழிவுகளையெல்லாம் தாண்டினது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுவீரெல்லே?"

"ஓம். கடல் சீவன்களில அரைவாசிக்கு மேல செத்துப்போன காலத்தையே தாண்டினது. டைனோசருக்கும் முன்னமே இருந்தது."

"பிறகு?"

வகுப்பென்றால் மிச்சத்தையும் சொல்லியிருப்பேன். டைனோசர்கள் முடிந்த அதே அழிவில் அமோனைற் இனமும் அடியோடு முடிந்தது. அதன் உறவான நோட்டிலஸ் தப்பிக்கொண்டது. ஏன் அது தப்பியது, இது தப்பவில்லை என்று பிள்ளைகள் கேட்டால், பாதி அதிர்ஷ்டம் என்பேன். அன்றைக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"பிறகும் கனகாலம் இருந்தது," என்றேன்.

அடுத்தநாள் விடியவே அவரைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். மத்தியானமாகியும் ஒரு தகவலும் இல்லை. அப்போதுதான் அன்றைய அபிஷேகம் நடக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் இருக்கவும் முடியவில்லை. மகளைத் தியேட்டர் வாசலில் விட்டுவிட்டுத் திரீவீலில் வீட்டுக்கு ஓடினேன். வாகனங்கள் நெரிந்த காலி வீதியின் சிவப்பு விளக்கு ஒவ்வொன்றையும் திட்டினேன். பிரிட்ஜில் பால் இல்லை. பால்மாவைக் கரைத்து ஊற்றினேன். பாதி ஊற்றிய பிறகுதான் பார்க்கிறேன், தேத்தண்ணி போடுகிற கைப்பழக்கத்தில் சீனியும் கலந்திருக்கிறேன். கல்லெல்லாம் பிசுபிசுத்தது. குழாயடியில் பிடித்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அந்த நேரம் பார்த்து மகளின் போன். எடுக்கப் பயமாக இருந்தது.

"அம்மா, முடிஞ்சுதாம். நல்லா இருக்கிறாராம்."

அலுமாரியோடு சாய்ந்து நின்று அழுதேன்.

கதைக்கத் தொடங்கியதும் அவர் கேட்டது கல்லைத்தான்.

"குளிக்க வார்த்தனீரோ?"

"ஓம். பால்மாவில. சீனியும் விழுந்திட்டுது."

சிரிக்கப் பார்த்தார், நெஞ்சுத் தையல் விடவில்லை. "பரவாயில்லை. கடைசி அழிவில தப்பாத சீவன், இனிப்பாவது குடிக்கட்டும்."

"அது உங்களுக்கு ஆர் சொன்னது?"

"உம்மட புத்தகத்தில எப்பவோ வாசிச்சனான்."

"பிறகேன் என்னட்டக் கேட்டனீங்கள்?"

"பயமா இருந்தது. தாண்டினது எண்டு நீர் சொல்லக் கேக்கவேணும் போல இருந்தது."