போணிக்கு வந்த குப்பை மெயில்

எங்கள் கடையில் போன் அடித்தால் நான் எழுந்து சாக்குகளைப் பார்க்கப் போய்விடுவேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஏலக்காய்ச் சாக்கு எங்கேயும் ஓடிப்போவதில்லை. ஆனாலும் யாராவது அந்தப் போனை எடுத்துப் பேசி முடிக்கும்வரை அடுக்கின் மறைவில் நின்று சாக்குத் தையலைத் தடவிக்கொண்டிருப்பேன். நேரில் என்றால் தலையை ஆட்டலாம், சிரித்து வைக்கலாம். போனில் அதெல்லாம் செல்லாது. முகம் தெரியாத ஆளிடம் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பது தலை நரைத்த பிறகும் எனக்குப் பிடிபடவில்லை.

போடியில் ஏலக்காய் வாங்கி வடக்கே அனுப்புகிற கடை எங்களுடையது. நான் அதில் சேர்ந்தது காய் சலிப்பதற்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. பிறகு தகரத்தில் வெட்டிய எழுத்துகளைச் சாக்கின் மேல் வைத்து மை பூசும் வேலையைக் கொடுத்தார்கள். இங்கிலீஷ் எழுத்து எனக்கு வந்தது அப்படித்தான். முதலாளியின் மகள் காலேஜில் படித்த காலத்தில் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, வடக்கிலிருந்து வரும் மெயிலைப் படிக்கவும் பதில் போடவும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் தொழிலுக்கு அதிக இங்கிலீஷ் வேண்டியதில்லை. காயின் பருமன் எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர், நல்ல பச்சை, சாம்பிள் அனுப்பவும், லாரி கிளம்பிவிட்டது. இவ்வளவு தெரிந்தால் எந்த ஊர் வியாபாரியோடும் காலம் தள்ளலாம். மெயிலில் இன்னொரு வசதி, யோசித்து யோசித்து எழுதலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். கடவுள் எனக்காகவே ஒருத்தரை உட்கார வைத்து இதைக் கண்டுபிடிக்கச் சொன்னார் என்று நினைத்துக்கொள்வேன்.

அதில்தான் குப்பை வந்து விழுந்தது. உடம்பு இளைக்க மாத்திரை, வழுக்கையில் முடி வளர எண்ணெய், ஜாமீன் இல்லாத கடன். ஏதோ தேசத்தில் புருஷனை இழந்த ஒரு பெண்மணி தன் சொத்தையெல்லாம் எனக்கே எழுதி வைக்கப் பிரியப்பட்டார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எது குப்பை என்று தெரிவதற்கே கடைசி வரிவரை போகவேண்டியிருந்தது. அந்தப் பெண்மணியின் கதையை நான் பாதி காலைப் பொழுது படித்திருக்கிறேன். இதற்கு நடுவில் கான்பூர் வியாபாரி கேட்ட சாம்பிள் மெயில் அடியில் போய் அமுங்கிவிட்டது. நான் அதைப் பார்த்தபோது அவர்கள் வேறு கடையில் வாங்கி முடித்திருந்தார்கள்.

முதலாளி கோபித்துப் பார்த்ததில்லை. அன்றும் கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மாப்ளே, அந்தச் சனியனை மூடிப்புடுவோம். பழையபடி போன்லயே பேசிக்கிருவோம். ஆர்டரு சோலி பாக்குறது நீதான், நீயே பேசு."

"மொதலாளி, குப்பையை ஒதுக்க வழி இருக்காம்."

"இருந்தா ஒதுக்கு. இந்த மாசம் பாப்பேன். இல்லேன்னா போனைக் கையில குடுத்துருவேன்."

பக்கத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி இருக்கிறாள். எங்கள் கடையின் ஒலிபெருக்கி அவள்தான். "அண்ணே போன்ல பேசுறதா? மொதலாளி, அண்ணன் ஹலோ சொல்லி முடிக்கிறதுக்குள்ள லோடு வடக்க போயிச் சேந்துரும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மதுரையில் வாழ்க்கைப்பட்டிருந்த முதலாளியின் மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்தார். டீயைக்கூடக் குடிக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"மாமா, இதுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க காட்டக் காட்டத்தான் கத்துக்கிரும். குப்பைன்னா இந்த நெருப்புப் படத்தைத் தட்டுங்க, அது குப்பைக்குன்னு இருக்கிற பெட்டிக்குப் போயிரும். நல்ல மெயிலு தப்பா அங்க போயிட்டா 'குப்பை இல்லை'ன்னு தட்டி உள்ள கூப்பிடுங்க. தெரிஞ்ச வியாபாரிக அட்ரஸை இந்த முகவரிப் புத்தகத்துல போட்டு வச்சிருங்க. அவங்க மேல அது கை வைக்காது."

"எல்லாத்தையும் கத்துக்கிருமா பாப்பா?"

"நீங்க ஒழுங்காக் காட்டுனா."

நான் ஒழுங்காகத்தான் காட்டினேன். வாழ்நாளில் ஒருத்தரைப் பார்த்தும் "போய்யா" என்று சொன்னதில்லை. நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்கள் என்னிடம்தான் முதலில் வருவார்கள். அப்படிப்பட்ட நான் மாத்திரைக்காரனுக்கு ஒரு நெருப்பு, கடன்காரனுக்கு ஒரு நெருப்பு என்று தட்டித் தட்டி அனுப்பினேன். சில நாளிலேயே நான் தட்டாமலே அது ஒதுக்கத் தொடங்கியது. சொத்து எழுதி வைக்கும் பெண்மணியின் அடுத்த கடிதம் வாசலிலேயே நெருப்பைச் சுமந்துகொண்டு தானாகக் குப்பைக்குப் போனதைப் பார்த்தபோது உண்மையில் கைதட்டிவிட்டேன். பொறுக்கும் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லாம் நன்றாகப் போயிருக்கும். ஒரு நாள் காலையில் முதலாளி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

அவர் கடை திறக்கும் முறை ஒன்று உண்டு. பிஸ்மில்லா சொல்லி, சாம்பிராணி போட்டு உட்காருவார். முதலில் யார் படியேறி வந்தாலும் இல்லை என்று சொல்லமாட்டார். மலையிலிருந்து முதல் ஜீப்பில் இறங்கி, தோலும் தூசியுமாக ஒரு பை காய் கொண்டுவருகிறவரிடம்கூட ஒரு கையளவாவது வாங்கித்தான் அனுப்புவார். போணி என்றால் அவருக்கு அப்படி. அன்றைக்கு நான் கம்ப்யூட்டரைத் திறந்ததும், பட்டியலின் உச்சியில் வந்து நின்ற மெயில் அவர் கண் முன்னாலேயே நெருப்போடு மறைந்தது.

"என்ன மாப்ளே அது? மொத ஆளு எங்க போனான்?"

"அது முடி வளர எண்ணெய் விக்கிறவன், மொதலாளி. குப்பை."

"எதை வித்தா என்ன? கதவைத் தொறந்ததும் வந்தவன்தானே? காலங்காத்தால நெருப்பைக் காட்டி வெரட்டுறியே, கடையில பரக்கத்து தங்குமா, யாவாரம் வெளங்குமா? கூப்பிடு அவனை உள்ள."

முதலாளியிடம் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. குப்பைக்குப் போய் எண்ணெய்க்காரனைத் தேடிப் பிடித்து, 'குப்பை இல்லை' என்று தட்டி, உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தேன். முதலாளிக்கு முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் காலையில் முதல் குப்பைக்கு மரியாதை, அதற்குப் பிறகு மற்றவற்றுக்கு நெருப்பு.

கொஞ்ச நாளில் எண்ணெய்க்காரர்களும் கடன்காரர்களும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உள்ளே நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். தட்டத் தட்ட வந்தார்கள். இயந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். முதலாளி கொடுத்த மாதமும் முடியப்போகிறது.

வடக்கே அனுப்பக் காய் எடுக்கிற ஏலத்துக்கு முதல்நாள் முதலாளி கேட்டார். "கான்பூருல இருந்து ஒண்ணையும் காணமே? நாளைக்கு அவங்களுக்கு எடுக்கணுமா வேணாமா?"

"வரலை மொதலாளி. மெயில் போட்டுக் கேக்குறேன்."

"மெயிலு வரலைன்னு மெயில்லயே கேப்பியா? போனைப் போடு. வெரசா."

போனைக் கையில் கொடுத்தே விட்டார். நான் அதை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பொறுக்கும் பெண்களின் முறச் சத்தம் சுத்தமாக நின்றுபோனது. கான்பூர் கடையில் மெயில் எழுதுகிற குமாஸ்தாவோடு நான் பல வருடமாக எழுதிப் பழகியிருக்கிறேன். குரலைக் கேட்டதில்லை.

"ஜீ" என்று ஒரு குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அவ்வளவு மெதுவாக.

"போடி" என்றேன்.

"ஓ. போடி."

லாரிக்காரர்களிடம் பழகிய அரைகுறை இந்தியில் "மெயில்?" என்று கேட்டேன். அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அவர்கள் கடைக்கு மெயில் அட்ரஸ் மாறிவிட்டதாம், புதியதிலிருந்து இரண்டு முறை அனுப்பினாராம். தொந்தரவுக்கு மன்னிக்கவேண்டும் என்றார். இல்லை, நீங்கள் மன்னிக்கவேண்டும் என்றேன். இப்படியே கொஞ்ச நேரம் போனது. பிறகு அவர், சொல்லலாமா கூடாதா என்கிற தயக்கத்தோடு, குப்பையில் ஒரு தடவை பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். மாத்திரைக்காரனுக்கும் சொத்துப் பெண்மணிக்கும் நடுவில் கான்பூர் ஆர்டர் அமைதியாக இருந்தது. புது அட்ரஸ் முகவரிப் புத்தகத்தில் இல்லாததால் யாரோ ஊர் பேர் தெரியாத ஆள் என்று என் பெட்டி தள்ளியிருக்கிறது.

"இருக்கு" என்றேன். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது கேட்டது. அதற்குப் பின்னால் யாரோ கேலியாக ஏதோ சொல்ல, பலபேர் சிரிக்க, இவர் அவர்களை அடக்குவதும் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். அதே சத்தம் என் முதுகுக்குப் பின்னாலும் தொடங்கியிருந்தது.

அதற்கப்புறம் எனக்கு எப்படியோ வாய் வந்துவிட்டது. குப்பைக்காரர்கள் உள்ளேயும் நீங்கள் வெளியேயும் ஆன கதை என்று, முதலாளியின் போணியைப் பற்றித் தெரிந்த இந்தியிலும் தெரியாத இந்தியிலும் சொன்னேன். அவர் சத்தமில்லாமல் சிரித்தார். அவர்கள் ஊரில் அதை போஹ்னி என்கிறார்களாம். அவருடைய முதலாளியும் அப்படித்தானாம், முதல் காசைக் கண்ணில் ஒற்றாமல் பெட்டியில் போடமாட்டாராம். எங்கள் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே நேரத்தில் இருவரும் போனை வைத்துவிட்டோம். வணக்கம் யாரும் சொல்லவில்லை.

"அண்ணே, முழுசாப் பேசிட்டீங்க!" என்று ஒலிபெருக்கி கத்தினாள். "தண்ணி கொண்டாங்கடி, அண்ணனுக்கு வேத்துருச்சு."

சாயங்காலம் முதலாளியின் மகளுக்கு நடந்ததை எழுதினேன். பதில் உடனே வந்தது. 'மாமா, தினமும் காலையில குப்பையை நல்லதுன்னு சொல்லிக் குடுத்திருக்கீங்க, அது என்ன பண்ணும் பாவம்! கத்துக்கிட்டதை எல்லாம் மறக்கடிக்க ஒரு பட்டன் இருக்கு, அமுக்கிட்டு முதல்ல இருந்து காட்டுங்க. போணிக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. எங்க அத்தாவை மாத்த முடியாது.'

பட்டனை அமுக்கினேன். கான்பூரின் புது அட்ரஸை முகவரிப் புத்தகத்தில் ஏற்றினேன். போணிக்கு வழி தெரியாமல்தான் மறுநாள் காலையில், முதலாளி சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரைத் திறந்தேன். பட்டியலின் உச்சியில், அப்போதுதான் வந்த ஒரு மெயில். கான்பூர். தலைப்பில் 'போஹ்னி' என்று இருந்தது. உள்ளே காலை வணக்கம், அவ்வளவுதான்.

"யாரு மாப்ளே மொத ஆளு?"

"கான்பூரு, மொதலாளி."

"ஆர்டரா?"

"இல்ல. வணக்கம் சொல்லியிருக்காரு."

"அது போதும்" என்று முதலாளி ஏலத்துக்குக் கிளம்பினார். அன்று கான்பூருக்குக் கேட்ட காய் கேட்டபடி கிடைத்தது. திரும்பி வந்தவர் மாதக் கெடுவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த மவுசு கடகடங்குதே, புதுசு ஒண்ணு வாங்கிக்க" என்றார். மெயில் தப்பித்தது என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து கடை திறக்கும் நேரத்துக்குச் சரியாக அந்த வணக்கம் வந்து நிற்கிறது. அதை உள்ளே உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு மனதார நெருப்பைத் தட்டுகிறேன். அவர்கள் கடை எங்களுக்குப் பிறகுதான் திறக்கும். அதனால் அந்த நேரம் பார்த்து நானும் ஒரு வணக்கம் அனுப்பி வைக்கிறேன். ஒரு வாரம் கழித்து அவர் எழுதியிருந்தார். என் வணக்கம் அத்தனையையும் அவருடைய பெட்டி குப்பையில் போட்டு வைத்திருந்ததாம், இப்போதுதான் தேடி எடுத்தாராம், மன்னிக்கவேண்டுமாம். இதைப் போனில் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டாராம்.

நல்லதாகப் போயிற்று என்று பதில் போட்டேன்.