நோவலின் புதைத்த பாட்டில்

கல்யாணத்தன்று மழை வரக் கூடாது என்றால், ஒரு மாதம் முன்பே மேடை போடும் இடத்தில் போர்பன் விஸ்கி பாட்டில் ஒன்றைத் தலைகீழாகப் புதைக்க வேண்டும். அமெரிக்காவில் எங்கள் கென்டக்கி மாநிலத்தில் அதுதான் வழக்கம். அன்றைக்குத் தோண்டி எடுத்து எல்லோரும் குடிப்போம். எந்த பாட்டிலைப் புதைப்பது என்பதில்தான் நோவலின் ஸ்டாம்பருக்கும் அவள் சம்பந்திக்கும் முட்டிக்கொண்டது.

நோவலினும் நானும் விஸ்கிக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். புருஷன் விட்டுப் போன பிறகு பீப்பாய் உருட்டியே மகள் கரிசாவை ஆளாக்கினாள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தால் போதும், அந்த விஸ்கி எத்தனை வருஷம் பீப்பாயில் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். அவளுக்குப் பிடித்தது இருபத்து மூன்று டாலர் பாட்டில். மலிவு, ஆனால் பாதிக்கு மேல் சுத்த ஆல்கஹால், அவ்வளவு காரம்.

சம்பந்தி டாக்டர் வாலர் லெக்சிங்டன் நகரத்துக்காரர். புதைக்கும் நாளன்று பத்து மடங்கு விலையில், கார்க் அடைத்த பாட்டிலோடு வந்து இறங்கினார்.

"என் பையன் கல்யாணத்துல பெட்ரோல் பங்க்ல விக்கிற சரக்கா? வேணாம் சம்பந்தியம்மா."

"விடும்மா, மானம் போகுது," என்றாள் கரிசாவும்.

சம்பந்தி சொன்னதை நோவலின் தாங்கிக்கொண்டாள். மகள் சொன்னதுதான் சுட்டது. மண்வெட்டியை எடுத்து, அவர் பாட்டிலுக்கு வெட்டியிருந்த குழிக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி வெட்டினாள்.

"ஒரு குழிதானே வழக்கம்?" என்றார் டாக்டர்.

"வானம் பெருசு சார். ரெண்டும் காவல் காக்கட்டும்."

கல்யாணத்தன்று நல்ல வெயில். விருந்தாளிகள் வருமுன் இரண்டையும் தோண்டினோம். ஒரு மாதம் விஸ்கியில் ஊறிய டாக்டரின் கார்க், இழுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளே விழுந்தது. பாதி சரக்கை மண் குடித்திருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நோவலினுடையது திருகு மூடி, சொட்டுக்கூடக் குறையவில்லை.

அவள் முதலில் டாக்டருடையதை வாயில் விட்டு, மெல்லுவது போல் சுழற்றிப் பார்த்தாள்.

"நல்ல சரக்குதான் சார், பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்போ நனைஞ்ச அட்டை மாதிரி இருக்கு."

அவர் இவளுடையதைக் குடித்துவிட்டு இருமினார். "அம்மாடி, நெருப்பு!"

"மொத வாய் நாக்க எழுப்பத்தான். ரெண்டாவது வாய்க்கு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க."

இரண்டாவது வாயை மெதுவாகக் குடித்தார். "கருகின சர்க்கரை... வேர்க்கடலை..." என்று முணுமுணுத்தார். அவள் கொஞ்சம் தண்ணீர் விட்டதும் செர்ரிப்பழம் என்றார். "சரி, இதையே ஊத்தலாம்," என்று ஒத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். காரிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொண்டுவந்தார். "இதுல மாத்திடுவோம். லேபிளை யாரும் பாக்க வேணாமே."

நோவலின் முகம் சிவந்துவிட்டது. "இருபத்தாறு வருஷம் உங்க மாதிரி ஆளுங்களுக்காகப் பீப்பா உருட்டினேன் சார். எம்பேரு எந்த பாட்டில்லயும் கிடையாது. இது இந்தப் பேரோட, இந்த மண்ணோடதான் மேசைக்குப் போகும். இல்ல, திரும்பக் குழிக்கே போகும்."

வாசலில் வெள்ளை கவுனோடு கரிசா நின்றிருந்தாள். மறுபடியும் மானம் போகுது என்பாள் என்றுதான் நினைத்தேன். நேராக வந்து அம்மா கையிலிருந்த பாட்டிலை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அடியே, கவுன்ல மண்ணு!" என்று கத்தினேன்.

"இருக்கட்டும் அத்தே."

அதற்குள் வந்து சேர்ந்திருந்த விருந்தாளிகள் நடுவில் அப்படியே நடந்து போனாள். கல்யாணப் படம் எல்லாவற்றிலும் அந்தக் கறை இருக்கிறது. அதை அழித்துத் தருகிறேன் என்று சொன்ன போட்டோக்காரனைத் திட்டி அனுப்பியவளும் கரிசாதான்.