பெரியவளின் மருந்துத் தண்ணீர்

பெரியவளுக்கு நாய் வளர்த்துக் குட்டி விற்பதுதான் தொழில். வீட்டின் பின்பக்கத்தில் சிமெண்டுத் தரை, கம்பிக் கதவு, எந்நேரமும் லோஷன் வாடை. அவள் கொழுந்தன் மனைவி சின்னவளுக்கும் அதே தொழில், வம்பே அதில்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில். அந்தப் பக்கம் குட்டிகள் கத்தினால் இந்தப் பக்கம் பெரியவளுக்கு வயிறு எரியும்.

"அந்தக் குப்பைமேட்டுல ஏழு குட்டியாம்! நான் பளிங்கு மாதிரி வெச்சிருக்கேன், என் செவலை நாய்க்கு ஒண்ணுகூடத் தங்கல" என்று புருஷனிடம் பொருமுவாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்.

சுத்தத்திலேயே சின்னவளைத் தோற்கடிப்பது என்று முடிவு கட்டினாள். தரைக்கு ஊற்றும் லோஷனைத் தண்ணீரில் கலந்து, காலையும் மாலையும் செவலையின் பிறப்புறுப்பைக் கழுவித் தள்ளினாள். அது நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. அந்த முறையும் சினை பிடிக்கவில்லை. சீழ் வேறு வடிந்தது.

கூட்டிக்கொண்டு போன இடத்தில், எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று கால்நடை டாக்டரம்மா கேட்டதும் பெருமையாகவே சொன்னாள்: "ஒரு கிருமி இருக்காது டாக்டர், அப்படிக் கழுவறேன்."

"அதான் கோளாறு. அங்க நல்ல கிருமிங்களும் குடியிருக்கும்மா. அதுங்க இடத்தப் பிடிச்சுக்கிட்டு இருந்தாதான் கெட்டதுக்கு இடம் கிடைக்காது. நீங்க எல்லாத்தையும் சேத்துத் தொரத்திட்டீங்க. சீழ் கர்ப்பப்பைக்குள்ள பிடிச்சா, பையையே எடுக்க வேண்டியதுதான்."

பெரியவள் அன்றோடு லோஷனை நிறுத்தினாள், வைத்தியம் பார்த்தாள். அடுத்த பருவத்தில் செவலை நான்கு குட்டி போட்டது. ஏழில்லை, நான்கு. ஆனாலும் குட்டிகளின் பெட்டியை மதிலை ஒட்டியே வைத்தாள், அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கட்டும் என்று.

சின்னவள் வந்தாள். குட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, என் கருப்பிக்கு சீழ் வடியுது. சோறு தண்ணி தொடல."

பெரியவளுக்கு வயிறு குளிர்ந்தது. "என்னடி செஞ்சே?"

"உங்க இடம் பளபளன்னு இருக்கறதப் பாத்து எனக்குப் பொறாமைக்கா. நானும் லோஷன் போட்டு ரெண்டு வேளையும் கழுவறேன்."

பொறாமையா? என்மேலா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவ்வளவு இனிப்பான பேச்சை அவள் கேட்டதில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க ஆசையாக இருந்தது. ஆனால் கருப்பியின் கர்ப்பப்பை?

"மொதல்ல கழுவறத நிறுத்துடி! வண்டியக் கூப்பிடு, டாக்டர்கிட்ட போலாம்" என்று எழுந்தாள்.

வண்டியில் கருப்பியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இதற்கு ஒன்றும் ஆகக் கூடாது, பை தப்பிக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். அடுத்த பிரசவத்தில் குட்டிகள் மட்டும் மூன்றோடு நிற்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள்.