இரண்டாவது எண்டர்

தேதி குறிக்காமல் எதையும் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. வாங்கிய புத்தகம், பார்த்த டாக்டர், வீட்டு வாசல்வரை ஏறிய வெள்ளம், எல்லாவற்றுக்கும் தேதி எழுதி வைத்திருப்பேன். அப்படிப்பட்ட என் கண்ணில் படாமலே ஒரு தேதி பல வருஷம் தப்பித்திருந்தது. தைப்பூசத்துக்கு முந்திய வாரம், கிள்ளானில்தான் அது பிடிபட்டது.

கோலாலம்பூரில் ஒரு விநியோக நிறுவனத்தில் மென்பொருள் சோதிக்கும் ஒப்பந்த வேலை எனக்கு. கொள்முதல், கிடங்கு, கணக்கு எல்லாம் ஒரே பெரிய சிஸ்டத்தில் ஓடுகிறது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதன் நகல் ஒன்றில் ஒவ்வொரு திரையையும் கையால் அடித்துப் பார்ப்போம். இனி அந்த வேலையை ஒரு சோதனைக் கருவி செய்யட்டும் என்று முடிவானது. அது ஓர் ஆளைப் போலவே சிஸ்டத்துக்குள் நுழையும், எண்களை அடிக்கும், பொத்தானை அழுத்தும். அதைச் சிஸ்டத்தோடு இணைப்பது என் பொறுப்பு. மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. இணைந்தால்தான் நீட்டிப்பு. ஐம்பத்தெட்டு வயதில் வேறு இடம் தேடும் தெம்பு எனக்கில்லை.

“அங்கிள், போலே?” என்று என் சீன மேலாளர் தினமும் மலாயில் கேட்பார். முடியுமா என்று கேட்கிறாரா, முடிந்தாக வேண்டும் என்கிறாரா என்று அந்தக் குரலில் பிரித்தறிய முடியாது.

கருவி உள்ளே போனது. ஆர்டர் திரையைத் திறந்தது. எல்லாம் நிரப்பிவிட்டு அங்கேயே நின்றது. ‘அடுத்த திரை வரவில்லை’ என்று மட்டும் அறிக்கை தந்தது. அதே ஆர்டரை நான் கையால் அடித்தால் போனது. கடவுச்சொல்லைச் சந்தேகித்தேன், அனுமதிகளைச் சந்தேகித்தேன், கருவியை விற்றவர்களுக்கு அடுக்கடுக்காக மின்னஞ்சல் அனுப்பினேன். கடைசியில், இந்த ஆர்டர்களை அன்றாடம் அடிக்கிறவரையே பார்த்துவிடலாம் என்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்துபோய் கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினேன்.

கிள்ளான் கிடங்கில் ஆர்டர் அடிப்பவர் என்னைவிட இளையவர். அலுவலகம் முழுக்க அவரை அக்கா என்பதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணே என்றார்.

“மெஷினுக்குச் சொல்லிக் குடுக்க வந்தீங்களாண்ணே? அதுக்குப் பசிக்காது, லீவு கேக்காது. எங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்கலா.”

“அது ஓடலேன்னா மொதல்ல வீட்டுக்குப் போறது நான்தான்கா.”

சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்காக மெதுவாக அடித்துக் காட்டினார். கடைசியில் மட்டும் விரல் பழைய வேகத்துக்குப் போய் எண்டரை இரண்டு தடவை தட்டியது.

“ஏன் ரெண்டு தடவை?”

“ஒரு தடவை தட்டுனா போகாதுண்ணே.”

“ஏன் போகாது?”

“தெரியாதுலா. அது அப்படித்தான்.”

அடுத்த ஆர்டரில் முதல் தட்டலோடு நிறுத்தச் சொன்னேன். திரையின் அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி: பொருள் வர வேண்டிய தேதி கடந்துவிட்டது. வெறும் எச்சரிக்கைதான். இன்னொரு எண்டர் தட்டினால் விலகிவிடும். நானும் அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கிடங்கின் பழைய ஆர்டர்களையே கருவிக்குக் கொடுத்துவிட்டு, ஒரு எண்டர்தான் எழுதியிருந்தேன்.

“சப்ளையர் போன்லயே பேசி லோரிய அனுப்பிடுவார். ஆர்டர் பின்னாடிதான் அடிப்போம்” என்றார் அக்கா.

“நாளைத் தேதி போட்டா மஞ்சளே வராதே?”

“நேத்து வந்த சாமானுக்கு நாளைத் தேதியா? அப்புறம் லோரி எப்ப வந்துச்சுன்னு யாருண்ணே சொல்லுவா?”

தேதி விஷயத்தில் என்னிடமே இப்படிக் கேட்டுவிட்டார். அலுவலகம் திரும்பியதும் கருவிக்கு வேறு பாடம் எழுதினேன்: மஞ்சள் வரி வந்தால் படி. தேதி கடந்த செய்தியாக இருந்தால் மட்டும் இரண்டாவது எண்டர். வேறு எதுவானாலும் நில்.

வெள்ளிக்கிழமை, புதிய பதிப்பில் கருவியை மேலாளர் முன்னால் ஓடவிட்டேன். ஆர்டர் தாண்டியது. அப்பாடா என்று சாய்ந்தேன். சரக்கு வரவுத் திரையில் நின்றது. மேலாளர் என்னைப் பார்த்தார். ஒப்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தபடி மஞ்சள் வரியைப் படித்தேன். ஆர்டரில் பெட்டிக் கணக்கு, வரவில் ஒற்றைக் கணக்கு, அளவு பொருந்தவில்லை என்றிருந்தது. புதிய பதிப்பு இரண்டையும் குழப்பியிருந்தது. அப்படியே வெளியே போயிருந்தால் கிடங்கின் கையிருப்பு முழுவதும் தப்பாகியிருக்கும்.

மேலாளர் இன்னொரு முறை ஓடவிடச் சொன்னார். அதே இடத்தில் நின்றது. பதிப்பை நிறுத்தி வைத்தார். அடுத்த வாரம் என் நீட்டிப்புக் கடிதம் வந்தது.

அக்காவுக்குப் போன் செய்து நன்றி சொன்னேன்.

“எனக்கெதுக்குண்ணே? நானா இருந்தா அதையும் தட்டி விட்டிருப்பேன்.”

“நானும்தான்கா.”

அன்று அவர் லோரித் தேதியைக் கேட்டு மடக்காமல் இருந்திருந்தால், நாளைத் தேதி போட்டு, மற்ற மஞ்சளுக்கெல்லாம் கருவியை இன்னொரு எண்டர் தட்டவைத்து, எல்லாம் தேறியது, பச்சை என்று காட்டிவிட்டுக் கிளம்பியிருப்பேன். இப்போதெல்லாம் அவர் போன் செய்தால் நலம் விசாரிப்பதில்லை. “அண்ணே, மஞ்சள்ல ஒண்ணு வந்திருக்கு, வாசிக்கவா?” என்றுதான் ஆரம்பிக்கிறார். வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு, அன்றைய தேதியை எழுதிக்கொள்கிறேன்.