திட்டுவதற்கு மட்டும் தமிழ்

1. நம்ம ஆளு

வேலையில் சேர்ந்த முதல் நாள் மேனேஜர் பாஸ்கர் என் ஊரைக் கேட்டார். ஆம்பூர் என்றதும் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம ஆளு! நமக்குள்ள எதுக்கு இங்கிலீஷு? தமிழ்லயே பேசிக்கலாம்."

ஆஸ்பத்திரிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து தரும் கம்பெனி அது, அடுகோடி பக்கம். நான் சப்போர்ட் டீம். பெங்களூரில் தமிழ் பேசும் மேனேஜர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று, காக்ஸ் டவுன் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் பெருமையடித்துக்கொண்டேன். மடச்சி.

கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது. பாராட்டுவது, மெயில் எழுதுவது, மீட்டிங்கில் பேசுவது எல்லாம் அவருக்கு இங்கிலீஷில். திட்டுவது மட்டும் தமிழில். ஒரு கஸ்டமர் புகாரை முடிக்கச் சற்றுத் தாமதமானால் போதும், என் சீட்டுக்கே வந்து நின்று, முகத்தில் சிரிப்பு மாறாமல் ஆரம்பிப்பார்.

"அறிவுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? வீட்ல சோறாக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதானே. எதுக்கு இங்க வந்து என் உசுர வாங்குற?"

பக்கத்து சீட்டில் ஷோபா, கன்னடப் பெண். மற்றவர்கள் ஆந்திரா, ஒடிசா. யாரும் தலையைத் தூக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல். ஏதோ ஊர்க்கதை பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள் என நானும் கூடவே அசடு வழியச் சிரித்து வைப்பேன்.

2. விசாரணை

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஒருநாள் தாமதமாகப் போனேன். "கெழவன் போய்ச் சேரட்டும், மொத்தமா லீவு எடுத்துக்க" என்றார் பாஸ்கர். அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. நேராக ஹெச்.ஆரிடம் போனேன்.

ஹெச்.ஆர். பெண், பாஸ்கர் எனக்கு எழுதிய மெயில்களைத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் ப்ளீஸ், தேங்க்ஸ். "இவ்வளவு டீசன்டா எழுதறவர் அப்படிப் பேசுவாரா?" என்றாள். பிறகு டீமை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தாள். அவங்க தமிழ்ல ஏதோ பேசிக்குவாங்க, எங்களுக்குப் புரியாது என்று அத்தனை பேரும் சொன்னார்கள். ஷோபாவும் அதையேதான் சொன்னாள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. தெரியாத பாஷைக்கு எப்படிச் சாட்சி சொல்வார்கள்?

அடுத்த வாரமே, டீமோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லி ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். தராவிட்டால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது, அது இல்லாமல் இந்த ஊரில் எவனும் வேலை தரமாட்டான். எழுதிக் கொடுத்தேன். பாஸ்கர் லிஃப்ட் வரைக்கும் வந்து இங்கிலீஷில் வாழ்த்துச் சொன்னார்.

3. ஷோபாவின் போன்

அதன் பிறகு போன இன்டர்வியூ ஒவ்வொன்றிலும் பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். எதையாவது மழுப்பிவிட்டு எழுந்து வருவேன். இனி வேலையே வேண்டாம் என்று முடிவுக்கு வந்திருந்த நேரத்தில் ஷோபா போன் செய்தாள்.

"அக்கா, எங்க சித்தப்பா பையன் கம்பெனியில ட்ரெய்னர் தேடுறாங்க. ஆஸ்பத்திரிங்களுக்குப் போயி நர்சுங்களுக்கு சாஃப்ட்வேர் சொல்லிக் குடுக்கணும். தமிழ், கன்னடா ரெண்டும் வேணும். உங்களுக்குத்தான் கன்னடாவும் நல்லா வருமே. உங்க பேரு சொல்லியிருக்கேன்."

மொத்தமும் தமிழில்.

"உனக்குத் தமிழ் தெரியுமா ஷோபா?"

"அல்சூர்ல பொறந்தவளுக்குத் தெரியாம இருக்குமாக்கா? அக்கம்பக்கம் எல்லாம் தமிழ்க்காரங்கதான்."

"அப்போ அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்ன?"

"எனக்கும் அந்த வேலை வேணுமில்லக்கா. நான் மட்டுமா? தினமும் காதுல விழுந்தா யாருக்குத்தான் புரியாது? எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

வேலை போன அன்றுகூட நான் அழவில்லை. அன்றைக்கு அழுதேன். இத்தனை நாளும் அத்தனை பேர் காது கேட்கத்தான் அவமானப்பட்டிருக்கிறேன். நான் சிரித்துச் சமாளித்ததையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

அவள் சொன்ன வேலையில்தான் சேர்ந்தேன். நன்றியும் சொன்னேன். மன்னிக்க மட்டும் இன்றுவரை மனம் வரவில்லை. இந்த வேலை பிடித்திருக்கிறது, சம்பளமும் கூடுதல், என் சந்தேகங்களைக் காதுகொடுத்துக் கேட்கும் மேனேஜர். ஆனால் எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்தது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்லது நடக்க அத்தனை திட்டு எதற்கு?

போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் தமிழ் நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே உள்ள நிர்வாகி அம்மாள் உள்ளே வந்து, ஒரு கன்னட நர்சை என் எதிரிலேயே கன்னடத்தில் வாய்க்கு வந்தபடி ஏசினார், முகத்தில் சிரிப்போடு. நான் தமிழ்க்காரி, எனக்கு என்ன தெரியப்போகிறது என்ற தைரியம். அந்தப் பெண்ணும் அசடு வழியச் சிரித்தாள்.

"நனகூ கன்னட அர்த்த ஆகுத்தே மேடம்" என்றேன். எனக்கும் கன்னடம் புரியும் என்று.

அம்மாள் முகம் செத்துவிட்டது. மறுநாளே என் மேல் புகார் போனது. மேனேஜர் கேட்டார், நடந்ததை அப்படியே சொன்னேன். அந்த ஆஸ்பத்திரி ஆர்டர் கைவிட்டுப் போனாலும் போகலாம். போகட்டும்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பக்கத்து சீட்டில் திட்டு விழும்போது கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பெரிய சண்டையெல்லாம் போட வேண்டாம். புரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்காக அதை ஒருவரும் சொல்லவில்லை.